அயற்பண்பாட்டு ஈடுபாடும் சதிராட்டமும்

பிற நாட்டாரின் கலை, மொழி, பழக்கவழக்கங்கள் மீது கொள்ளும் விருப்பமே அயற்பண்பாட்டு ஈடுபாடு. தன்னுடையதை மறக்கச் செய்யும் மோகம் என்று அதைக் குறை கூறுவோர் உண்டு. சென்னை அடையாற்றிலோ, அயல்நாட்டு நடனத்தின் மீது கொண்ட விருப்பமே ஒருவரைத் தமிழகத்தின் சதிராட்டத்திடம் கொண்டு சேர்த்தது.

பாவ்லோவாவும் ருக்மிணி தேவியும்

ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா 1922இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். இந்தியக் கதைகளால் ஈர்க்கப்பட்ட அவர், 1923இல் உதயசங்கருடன் சேர்ந்து ராதா–கிருஷ்ணர் நடனத்தை லண்டனில் மேடையேற்றினார்.

1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை 1920இல் மணந்தார். 1920களின் இறுதியில் பாவ்லோவாவுடன் நட்புக் கொண்டு, அவரது குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். சொந்த நாட்டு நடனத்தைத் தேடிக் கற்குமாறு அவரைத் தூண்டியவர் பாவ்லோவாவே.

அருகிலிருந்த கலை

அந்தக் கலை தொலைவில் இல்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலோடு தொடர்புடைய கௌரி அம்மாள் போன்ற தேவதாசி மரபினரும், தஞ்சைப் பகுதி நட்டுவனார்களும் அதைக் காத்து வந்தனர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி போராடிய காலம் அது. நடனத்தை அழியவிடக் கூடாது என்று ஈ. கிருஷ்ண ஐயர் வாதிட்டார். 1933இல் மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் மரபினரின் ஆட்டத்தைக் கண்ட ருக்மிணி தேவி, கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார்.

ஆதாயமும் இழப்பும்

ஆடை, ஒளியமைப்பு, மேடை ஒழுங்கு ஆகியவற்றில் மேலைநாட்டு அரங்கின் தாக்கம் சேர்ந்தது. அதுவரை சதிரை ஒதுக்கிய குடும்பங்களும் தம் பெண்களை நடனம் கற்க அனுப்பத் தொடங்கின. ஆனால் சிருங்காரம் குறைக்கப்பட்டதைத் தேவதாசி மரபில் வந்த டி. பாலசரஸ்வதி ஏற்கவில்லை. சிருங்காரமே இக்கலையின் உயிர் என்பது அவர் நிலைப்பாடு. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. மேடையும் மதிப்பும் பெரும்பாலும் பிற சமூகத்தாரிடம் சென்றன.

அயலாரின் மதிப்பீடு ஒரு கலைக்குப் புதிய மேடையைத் தேடித் தந்தது. அதைத் தலைமுறைகளாகக் காத்தவர்களுக்கு அம்மேடையில் உரிய இடம் கிடைக்கவில்லை. பரதநாட்டிய வரலாற்றில் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.