பாஸ்டன் அரசுப் பள்ளிகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் இயங்கும் நகரப் பள்ளி மாவட்டம். அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நேரடியாக நடத்துவது பெரும்பாலும் மத்திய அரசோ மாநில அரசோ அல்ல. ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் உள்ளூர் அமைப்புதான். அவற்றுள் மிகப் பழமையானவற்றில் பாஸ்டனுடையதும் ஒன்று. எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற சண்டை இதன் வரலாற்றில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

1635இல் ஊர்க்கூட்டம் கூடி, பிலமோன் போர்மார்ட் என்பவரைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அமர்த்தியது. அப்படித் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளி, ஹார்வர்டு கல்லூரியைவிட ஓராண்டு மூத்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் இதில் சேர்ந்து பாதியில் நின்றவர். பெண்களுக்கு இதன் கதவு திறந்தது 1972இல்தான். பள்ளிகளை மேற்பார்வையிடும் பள்ளிக்குழு 1789இல் உருவானது. கல்லூரிக்குப் போகாமல் வணிகத்திலும் தொழிலிலும் இறங்கும் பையன்களுக்காக 1821இல் திறந்த ஆங்கில உயர்நிலைப் பள்ளியே அந்நாட்டின் முதல் அரசு உயர்நிலைப் பள்ளி.

கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தனியாக பீக்கன் ஹில் பகுதியில் ஏபியல் ஸ்மித் பள்ளி இருந்தது. ஐந்து வயது சாரா ராபர்ட்ஸ் அங்கே போவதென்றால், வழியில் உள்ள ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அச்சுத் தொழில் செய்த அவள் தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் நகரின் மேல் வழக்குத் தொடுத்தார். சார்லஸ் சம்னரும், கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிஸும் வாதாடினர். தலைமை நீதிபதி லெமுவெல் ஷா வழக்கைத் தள்ளினார். 1896இல் ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, இந்தத் தீர்ப்பையும் சான்று காட்டியது. ஆனால் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அதற்குக் காத்திருக்கவில்லை. 1855லேயே பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடை செய்துவிட்டது.

சட்டத்தில் தடை இருந்தது. நடப்பில் பிரிவினையும் இருந்தது. இனச் சமநிலையற்ற பள்ளிகளைச் சீர்செய்யாத ஊர்களுக்கு நிதி நிறுத்தப்படும் என்று 1965இல் மாநிலம் சட்டம் போட்டது. லூயிஸ் டே ஹிக்ஸ் போன்றோர் செல்வாக்குப் பெற்றிருந்த பள்ளிக்குழு மசியவில்லை. கறுப்பினப் பெற்றோர் 1972இல் வழக்குப் போட்டனர். 1974 ஜூன் 21 அன்று நீதிபதி ஆர்தர் கேரிட்டி தீர்ப்பளித்தார்: பள்ளிக்குழு தெரிந்தே பிரிவினையைக் காத்து வந்திருக்கிறது. அதற்குக் கையாண்ட உத்திகள் வெளிப்பார்வைக்கு வெறும் நிர்வாக வேலைதான். பள்ளி எல்லைகளை வளைத்து வரைவது அவற்றில் ஒன்று. எந்த நடுநிலைப் பள்ளியிலிருந்து எந்த உயர்நிலைப் பள்ளிக்கு, எந்த வகுப்பில் மாறுவது என்பதையே இனவாரியாகப் பிரியும்படி அமைப்பது இன்னொன்று.

பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு வட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்பும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பர் 12 அன்று, ராக்ஸ்பரியின் கறுப்பின மாணவர்கள் ஐரிஷ் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த சவுத் பாஸ்டனுக்குப் போனார்கள். அவர்களுடைய பேருந்துகள் மீது கல் விழுந்தது, கண்ணாடி உடைந்தது, பிள்ளைகள் காயமடைந்தனர். 1976இல் நகரமன்றக் கட்டடத்தின் முன், இந்த ஏற்பாட்டை எதிர்த்தவர்களில் ஒருவர் கறுப்பின வழக்கறிஞர் ஒருவரைத் தேசியக் கொடிக் கம்பால் தாக்குவதை ஸ்டான்லி ஃபோர்மன் எடுத்த படம் புலிட்சர் பரிசு பெற்றது.

கேரிட்டி தீர்ப்பு வந்த மறுமாதமே, டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் புறநகர்களை இத்தகைய ஏற்பாட்டிலிருந்து பெரும்பாலும் விலக்கிவிட்டது. ஆகவே பாஸ்டனில் பாரத்தைச் சுமந்தவர்கள் நகருக்குள் இருந்த ஏழைக் கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும்தான். வசதியுள்ள புறநகர்கள் தப்பின. பேருந்தைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் இதைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள்.

வெள்ளையர் குடும்பங்கள் வெளியேறுவது முன்பே தொடங்கியிருந்தது. இப்போது அது வேகமெடுத்தது. 1970களின் தொடக்கத்தில் 90,000க்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை இன்று 50,000க்கும் கீழ். லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளே இன்று மிகப் பெரிய பிரிவினர்.

இனத்தைக் கணக்கில் கொண்டு இடம் ஒதுக்குவதைப் பள்ளிக்குழு 1999இல் கைவிட்டது. வீட்டுக்கு அருகிலுள்ள தரமான பள்ளிகளை முன்வைக்கும் முறை 2014இல் வந்தது. லத்தீன் பள்ளி உள்ளிட்ட மூன்று நுழைவுத் தேர்வுப் பள்ளிகளின் சேர்க்கை விதி 2021இல் மாற, அதுவும் நீதிமன்றப் படியேறியது. பள்ளிக்குழுவின் ஏழு உறுப்பினர்களை 1992 முதல் மேயரே நியமிக்கிறார். பழையபடி தேர்தல் வேண்டுமென 2021இல் நடந்த, சட்டப்படி கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் கேட்டனர். நகரமன்றம் அதற்கு இசைந்து அனுப்பிய மனுவை 2023இல் மேயர் மிஷெல் வூ நிராகரித்தார்.