சராசரி மனிதனைக் காணவில்லை

1915. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர். பெட்ரோல் போடுவதற்காகக் காரை நிறுத்துகிறார் ஒரு கனவான். இறங்குகிறார். கூட உட்கார்ந்திருந்த மனைவியையும் இறங்கச் சொல்கிறார். இருவரும் உட்கார்ந்திருந்த மெத்தையைத் தூக்கி ஓரமாக வைக்கிறார். அடியில் பெட்ரோல் டாங்க். ஒரு குச்சியை உள்ளே விட்டு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார். பிறகு ஊற்றுகிறார்கள். மெத்தையைத் திரும்ப வைத்து, மேலே ஏறி உட்கார்ந்து போய்விடுகிறார்.

கதையல்ல. ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான கார். அதன் பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் சீட் என்பது ஏறக்குறைய டாங்க்கின் மூடி. உட்காருகிறவனின் முதுகு, முட்டி, கழுத்து பற்றியெல்லாம் யாரும் கவலைப்படவில்லை. அதற்கு முன்னால் குதிரை வண்டியில் போனவனுக்கு மெத்தை என்று ஒன்று இருந்ததே பெரிய விஷயம்.

அப்புறம் சீட்டை முன்னும் பின்னும் தள்ளும் வசதி வந்தது. ஆனால் ரொம்ப காலத்துக்கு முன்பக்கம் முழுநீள பெஞ்ச் சீட்தான். அம்பாசிடரில் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட சீட்டை உயரமான கணவன் காலை நீட்டுவதற்காகப் பின்னால் தள்ளினால் பக்கத்திலிருக்கும் மனைவியும் சேர்ந்து பின்னால் போவாள். ஒரு சீட், ஒரு அளவு. எல்லாரும் அதற்குள் அடங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, யாருடைய அளவு அது? நல்ல கேள்வி. இதற்குப் பதில் கார் கம்பெனியிலிருந்து வரவில்லை. ராணுவத்திலிருந்து வந்தது.

1950-ல் அமெரிக்க விமானப் படை, தன் பைலட்டுகளை நிற்க வைத்து அளந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். தலையிலிருந்து கால் வரை ஆளுக்கு நூற்றுக்கும் அதிகமான அளவுகள். ஒரு சராசரி பைலட்டின் அளவு கிடைத்துவிட்டால் அதற்கேற்ப எல்லாவற்றையும் செய்துவிடலாம் அல்லவா?

அளந்தவர்களில் ஒருவர் கில்பர்ட் டேனியல்ஸ். ஹார்வர்டில் மனித உடல் அமைப்பு பற்றிப் படித்துவிட்டு வந்த இளைஞர். அவருக்கு ஒரு சந்தேகம். சராசரி சராசரி என்கிறார்களே, அந்த ஆள் நிஜமாகவே இருக்கிறானா?

பி.காம். படித்தபோது புள்ளியியல் பேப்பரில் சராசரி போட்டுப் போட்டு எனக்குக் கை வலித்திருக்கிறது. இந்தச் சந்தேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

டேனியல்ஸ் உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம், தொடைச் சுற்றளவு என்று முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் நடுவில் இருக்கும் சுமார் 30 சதவிகிதத்துக்குள் வந்தால் போதும், அவன் சராசரிதான் என்று தாராளமாக வைத்துக்கொண்டார். இப்போது 4,063 பேரில் பத்து அளவிலும் சராசரியாக இருப்பவர்கள் எத்தனை பேர்?

ஐந்நூறு? நூறு? ம்ஹூம். ஒருத்தர்கூட இல்லை. பூஜ்யம்.

பத்து வேண்டாம், மூன்றே மூன்று அளவு போதும் என்று பார்த்தாலும் நூற்றுக்கு நான்கு பேர் தேறவில்லை. உயரம் சராசரியாக இருக்கிறவனுக்குக் கை நீளம். கை சரியாக இருக்கிறவனுக்குத் தொப்பை. 1952-ல் இதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அர்த்தம் எளிமையானது. சராசரி ஆளுக்கென்று செய்யும் சீட், யாருக்குமே செய்யாத சீட். ஆளை சீட்டுக்கு ஏற்ப மாற்ற முடியாது. சீட்தான் நகர வேண்டும்.

அதற்குப் பிறகு கார் வடிவமைப்பாளர்களும் ஒரு சராசரி ஆளை விட்டுவிட்டு, மிகக் குள்ளமான பெண்ணிலிருந்து மிக உயரமான ஆண் வரை என்று ஒரு வரம்பை வைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார்கள்.

ஆச்சா? அளவு சரி. முதுகு?

அதற்கு ஸ்வீடன் போகவேண்டும். ஆல்ஃப் நாச்செம்சன் என்று ஒரு எலும்பு மருத்துவர். உயிரோடிருக்கும் மனிதர்களின் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசியைச் செலுத்தி, அங்கே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று 1960-களில் அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிட, எதிலும் சாயாமல் உட்காரும்போது சுமார் 40 சதவிகிதம் அதிகம் என்றது அவர் கணக்கு. உட்காருவது ஓய்வு என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி. (1999-ல் ஜெர்மனியில் ஒரே ஒரு ஆளிடம் நவீனக் கருவியால் அளந்தபோது அவ்வளவு வித்தியாசம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) எழுபதுகளில் அவரது குழு கார் சீட்டையே எடுத்துக்கொண்டது. பின்னால் சாயச் சாய அழுத்தம் குறைந்தது. இடுப்புக்குப் பின்னால் ஒரு தாங்கல் கொடுத்தால் இன்னும் குறைந்தது.

ஏன்? வீட்டு நாற்காலியில் பாதம் கிட்டத்தட்ட முட்டிக்குக் கீழே இருக்கிறது. காரில் பெடலுக்காகக் காலை முன்னால் நீட்டுகிறோம். கால் நீள, இடுப்பெலும்பு பின்னோக்கி உருளும். கீழ் முதுகில் இருக்கவேண்டிய இயல்பான வளைவு காணாமல் போய்விடும். போதாததற்கு வண்டியின் அதிர்வு. நினைத்தபோது புரண்டு உட்காரவும் முடியாது. அதே ஸ்வீடனின் வால்வோ கம்பெனி, மருத்துவர்களைக் கலந்து இடுப்புத் தாங்கலோடு சீட் செய்தது அறுபதுகளின் நடுவில்.

அழகுக்கோ ஆடம்பரத்துக்கோ இல்லை இதெல்லாம். 1975-ல் அமெரிக்காவில் ஜெனிஃபர் கெல்ஸியும் ராபர்ட் ஹார்டியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வண்டி ஓட்டும் ஆண்களுக்கு முதுகெலும்புத் தட்டு பிதுங்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன், முதுகைக் கொடுத்துச் சம்பாதிக்கிறான்.

பெண்கள் கதை இன்னும் மோசம். பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் கழுத்து வெடுக்கென்று சுண்டப்படும். அந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்பது வெகுநாளாகத் தெரியும். உடம்பு லேசு என்பதால் சீட்டின் முதுகு அவர்களை இன்னும் வேகமாக முன்னால் தள்ளிவிடுகிறது. ஆனால் இந்தச் சோதனைக்கு சீட்டில் உட்கார வைத்த பொம்மை யார் அளவு? சராசரி ஆண். டேனியல்ஸ் தேடித் தேடிக் காணாத அதே மகானுபாவர்! 2022-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுதான் 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் உள்ள பெண் பொம்மையை இதற்கென்று உருவாக்கியது. கார் பிறந்து நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது அப்போது.

நாம் என்ன செய்யலாம்? சாவியைத் திருப்புமுன் ஒரு நிமிடம். பெடலை முழுக்க மிதித்தாலும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே குறைந்தது பத்து அங்குலம். வீட்டில் வேறு யாராவது ஓட்டிவிட்டு இறங்கினால், சோம்பல் படாமல் மறுபடி நகர்த்துங்கள். அந்த லிவர் இருப்பதே அதற்குத்தான்.

அடுத்த முறை வாடகைக் காரில் ஏறினால் டிரைவரின் இடுப்புக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் நாலாக மடித்த துண்டு ஒன்று செருகியிருக்கும். நாச்செம்சன் ஊசி குத்திக் கண்டுபிடித்ததை, அந்த மனிதர் தினம் பத்து மணி நேரம் வலித்து வலித்துத் தானே கண்டுபிடித்திருக்கிறார்.