எலும்புருக்கி நோயும் நான்காம் துணையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்த அன்பர்கள், குரோம்பேட்டையை அடுத்துத் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையத்தைக் கண்டிருப்பர். ரயில்வேக் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் நமக்கு, நிலையங்களின் பெயர்க்காரணம் ஆராய்வதில் ஒரு விருப்பம் உண்டு. இந்நிலையத்தின் பெயர் ஒரு நோயின் வரலாற்றையே தாங்கி நிற்கின்றது. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து அவ்விடத்தில் காசநோயாளர்க்கென ஒரு மருத்துவ விடுதியை நிறுவினார். அதனால் அமைந்த பெயர் அது.

எலும்புருக்கி என்று நம் முன்னோர் அஞ்சிய அந்நோய்க்கு அந்நாளில் தக்க மருந்து இல்லை. 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள், ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் அதன் கிருமியைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். பகைவன் இன்னான் என்று தெரிந்தும், அறுபது ஆண்டுகள் வரை அவனை வெல்லும் படைக்கலம் கிட்டவில்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகிய மூன்றுமே மருத்துவம். அவற்றைப் பெற நோயாளி வீடு துறந்து விடுதியை அடைய வேண்டும். கூலி வேலை செய்வோர் குடும்பத்தைப் பட்டினியில் விட்டு எங்ஙனம் செல்வர்?

1943-ல் அமெரிக்காவில், வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் அவர் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். ஆயினும் அதைத் தனியே கொடுத்தபோது, தேறிய நோயாளிகள் பலர் சில திங்களில் மீண்டும் நலிந்தனர். கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதனவாக மாறிவிட்டன. ஆகவே, மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே முறை என்பது தெளிவாயிற்று. 1952-ல் ஐசோனியாசிட் வழக்கிற்கு வந்தது. 1912-லேயே பிராகு நகரில் ஆக்கப்பட்ட இப்பொருள், தன் ஆற்றலை எவரும் அறியாமல் நாற்பது ஆண்டுகள் கிடந்தது என்பது வியப்பன்றோ?

மருந்து வந்தது; ஆனால் நம் நாட்டு நோயாளர் தொகைக்கு விடுதிப் படுக்கைகள் போதா. இந்நிலையில், 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் தோன்றியது. 193 நோயாளிகளை இரு சாராராகப் பிரித்தனர். ஒரு சாரார் விடுதியில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மறு சாரார் நெருக்கடி மிக்க தம் இல்லங்களிலேயே இருந்தனர். இருவர்க்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். 1959-ல் முடிவு வெளியாயிற்று: வீட்டில் இருந்தோரும் விடுதியில் இருந்தோரும் ஏறத்தாழ ஒன்றாகவே நலம் பெற்றனர்! வீட்டாரிடையேயும் நோய் மிகுதியாகப் பரவவில்லை. ஏழையின் குடிசையிலும் இந்நோயை வெல்லலாம் என்பதை உலகிற்குக் காட்டிய பெருமை நம் சென்னைக்கு உரியது.

அவ்வாய்வாளர் மற்றொன்றையும் கண்டனர். உடல் தேறியதும் மருந்தை நிறுத்துவது மாந்தர் இயல்பு. ஆதலின், அவர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். பிறர் முன்னிலையில் மருந்து உண்ணச் செய்யும் முறையும் பின்னர் வளர்ந்தது. இன்று ஐசோனியாசிட், ரிபாம்பிசின் முதலிய மருந்துகளால், சாதாரணக் காசநோய் ஆறு திங்களில் தீர்கின்றது. அரசு மருத்துவமனைகளில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. இடையில் நிறுத்தினாலோ, எளிதில் அடங்காத கிருமி தலைதூக்கும்.

நம் அலுவலகத்து இளைஞர் ஒருவர், இருமல் நின்றதும் இரண்டாம் திங்களிலேயே மருந்தை விட்டார். அறை நண்பர்க்குத் தெரிந்தால் வெளியேற்றுவரோ என்னும் அச்சமே காரணம். நோய் மீண்டது, ஓராண்டுக்கு மேல் துன்புற்றார். அவர் மறைத்தது அவர் குற்றம் மட்டுமோ? கேட்கத் தவறிய நம் குற்றமும் அன்றோ?

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன். முன்னவை மூன்றும் இவ்வூரில் உள்ளன. தாய், தந்தை, மனைவி, மக்களைப் பிரிந்து வந்து, ஓர் அறையில் நால்வராய் வாழும் நம் இளைஞர்க்கு இல்லாதது அந்நான்காம் துணையே. அத்துணையாக நம் சங்கம் நிற்குமாக!