உப்பும் எழுத்தும்

உணவுப் பொதியின் சுட்டுத்துண்டிலே சோடியத்தின் அளவு பொறிக்கப்பட்டிருப்பது இன்று எமக்குச் சாதாரணமாகத் தோன்றுகின்றது. ஆயின், அச்சிறு எண் அவ்விடத்தை அடைய நெடுங்காலம் சென்றது. அது எவ்வாறு வந்தது, வந்தபின் யாருக்குப் பயன்பட்டது என்னும் இரு வினாக்களையும் நாம் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

உப்புக்கும் குருதி அமுக்கத்துக்குமுள்ள தொடர்பை 1904 ஆம் ஆண்டிலேயே அம்பார், போஜார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் சுட்டிக்காட்டினர். 1960 இல் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால், உப்பை மிகுதியாக உண்ணும் சமுதாயங்களில் உயர் குருதி அமுக்கமும் மிகுந்திருப்பதை ஒப்பிட்டுக் காட்டினார். விஞ்ஞானம் பேசத் தொடங்கிய அக்காலத்திலேயே உணவாக்கம் அடுக்களையை விட்டுத் தொழிற்சாலைக்குச் சென்றுகொண்டிருந்தது. தம் கையால் அள்ளியிட்ட உப்பின் அளவைச் சமைத்தவர் அறிவார். தகரத்தில் அடைத்த சூப்பிலும், பாணிலும், பதனிட்ட இறைச்சியிலும் கலந்த உப்பின் அளவை ஆக்கியோன் மட்டுமே அறிவான். ஐக்கிய அமெரிக்காவில் மக்கள் உட்கொள்ளும் சோடியத்தில் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டது தொழிற்சாலை உணவிலிருந்தும் உணவகங்களிலிருந்துமே வருகின்றது.

அந்நாட்டில் 1973 இல் போசணைச் சுட்டுத்துண்டு விதிகள் பிறந்தன. எனினும், சோடியத்தைக் குறிப்பிடுவது ஆக்கியோனின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 1978 இல் பாவனையாளர் நலன் பேணும் அமைப்பொன்று, உணவில் சேர்க்கும் உப்புக்கே எல்லை வகுக்க வேண்டுமென அரசிடம் மனுச் செய்தது. 1982 இல் அரசு அவ்வெல்லையைப் பின்போட்டு, சுட்டுத்துண்டு வழியைத் தேர்ந்தது. 1984 இல் அதற்கான விதி வந்தது. 1990 இல் இயற்றிய சட்டத்தின் பயனாக 1994 முதல் பெரும்பாலான பொதி உணவுகளில் சோடிய அளவு கட்டாயமாயிற்று.

இது மக்கள் பெற்ற வெற்றியே. ஆயினும், அவ்வெற்றியின் உள்ளே ஓர் இடமாற்றம் ஒளிந்திருந்தது. உப்பைக் குறைக்கும் கடமை ஆக்கியோனின் தோளிலிருந்து வாங்குவோனின் கண்ணுக்கு மாற்றப்பட்டது. வாசித்து விலக்காதவன் தன் நோய்க்குத் தானே பொறுப்பாளி என்றாயிற்று.

அந்தக் கண் எதைக் கண்டது? ‘சோடியம் 800 மில்லிகிராம்’ என்று வாசிப்பவன் அதனை ஒரு கிராமுக்கும் குறைவான சிறு அளவென்றே கொள்வான். சோடியத்தின் அளவை இரண்டரையாற் பெருக்கினால் உப்பின் அளவு பெறப்படும். எனவே அது 2 கிராம் உப்பாகும். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைவாக உப்பு இருத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதந்துரை. உண்மை அச்சிடப்பட்டிருந்தும் அது உணரப்படவில்லை. அறிவித்தல் வேறு, அறியச் செய்தல் வேறு.

இவ்வேறுபாட்டை உணர்ந்த நாடுகளும் உண்டு. பின்லாந்து 1993 இல், உப்பு மிக்க உணவுகளின் மேல் அதனை வெளிப்படையான சொற்களில் எழுதவேண்டுமென விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இன் ஒழுங்குவிதியால் ‘சோடியம்’ என்ற சொல்லை நீக்கி, எல்லோரும் அறிந்த ‘உப்பு’ என்ற சொல்லையே பொறிக்கச் செய்தது. சிலி நாடு 2012 இல் இயற்றிய சட்டத்தின்படி 2016 முதல் சோடியம் மிக்க பொதிகளில் கருநிற எண்கோணக் குறி இடம்பெற்றது; அக்குறி தாங்கிய உணவுகள் பாடசாலைகளில் விற்கப்படுவதும் தடுக்கப்பட்டது. குறிக்கு அஞ்சிய ஆக்கியோர் பலர் தம் பண்டங்களின் சேர்மானத்தையே மாற்றினர்.

எமது நாட்டில் 2016 இல் இனிப்புப் பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்ட வந்த நிறக்குறி, 2019 இல் திண்ம உணவுகளின் உப்புக்கும் கொழுப்புக்கும் விரிந்தது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் எழுத்தறியாதவரும் வாசிக்கத்தக்கவை. ஆனால், பொதியின்றி விற்கப்படும் பாணும் கருவாடும் எந்நிறத்தையும் தாங்குவதில்லை.

சுட்டுத்துண்டை வாசிக்கப் பழக்குவது ஆசிரியராகிய எமது கடமை. கணித வகுப்பிலே இரண்டரையாற் பெருக்கும் ஒரு கணக்கு, ஒரு குடும்பத்தின் உணவையே மாற்றக்கூடும். ஆயினும், அத்துடன் நாம் அமைதல் தகாது. தென்னாபிரிக்கா 2013 இல் விதி வகுத்து, 2016 முதல் பாண் முதலியவற்றின் சோடியத்துக்குச் சட்டப்படி எல்லை இட்டது. 1982 இல் பின்போடப்பட்ட கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாததன்று என்பதற்கு அதுவே சான்று. வாசிக்கும் உரிமையைக் கேட்டுப் பெற்ற மக்கள், வாசிக்க இயலாதவரையும் காக்கும் எல்லையையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.