கவிழாத தோணி



மலைநாட்டு வாழ்வைப் பற்றிப் பேசப் புகுந்தவன் தோணியைப் பற்றிப் பேசுவது எதற்காக என்று உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். கொஸ்லந்தவிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையும் சரிவும் தேயிலையுமே தென்படும். அங்குள்ள லயங்களிலே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் தம் வாழ்நாளிற் கடலைக் கண்டதில்லை. ஆயினும் கடலுக்கும் நமக்கும் உறவில்லை என்று கூறிவிட முடியாது. நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்ததே கடல் வழியாகத்தான். நம் அடுப்பில் வேகும் கருவாடு கடல் தந்தது. நம் மலையில் விழும் மழையும் ஈற்றிலே கடலைத் தேடித்தான் செல்கின்றது.

அந்த மழைநீரின் வழியைச் சற்றுத் தொடர்ந்து செல்வோம். பூனாகலை மலைகளில் ஊறிவரும் ஓயா, கொஸ்லந்தவுக்கும் வெல்லவாயவுக்கும் இடையிலே, ஏறத்தாழ 220 மீற்றர் உயரமுள்ள பாறைச்சுவரிலிருந்து குதிக்கின்றது. அதுவே தியலும நீர்வீழ்ச்சி. விழுந்த நீர் குடா ஓயாவோடு சேர்ந்து, பின்னர் கிரிந்தி ஓயாவிற் கலக்கின்றது. வறண்ட தாழ்நிலத்திலே 1980களில் அமைக்கப்பட்ட லுணுகம்வெகர நீர்த்தேக்கம் அந்த ஆற்றைத் தடுத்து நிறுத்தி வயல்களுக்கு வழங்குகின்றது. எஞ்சிய நீர் திஸ்ஸமகாராமையைக் கடந்து தென்கடலைச் சேர்கின்றது.

அந்த நீர்த்தேக்கத்திலே மீன் பிடிப்போர் ஏறிச் செல்லும் கலத்தைப் பார்த்தால் நமக்கு ஒரு புதுமை தோன்றும். அதன் வடிவம் மிகப் பழையது; அதன் உடலோ மிகப் புதியது. ஒடுங்கிய தோணி ஒன்று. அதன் ஒரு பக்கத்திலே இரு கழிகளாற் பிணைக்கப்பட்ட மிதவைக் கட்டை ஒன்று. ஆனால் தோணியின் உடல் மரமன்று. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய பொருள். இந்தப் பழமையும் புதுமையும் எவ்வாறு இணைந்தன, அந்த இணைப்பிலே நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் பழைய வடிவத்தை நோக்குவோம். சிங்கள மக்கள் இதனை ‘ஒருவ’ என்பர். நாம் புறமிதவைத் தோணி என்று கூறலாம். பெருமரம் ஒன்றின் அடியைக் குடைந்து உடலாக்குவர். அதன் மேல் இரு பக்கமும் பலகைகளை நிறுத்துவர். ஆணி கிடையாது, துளையிட்டுத் தும்புக் கயிற்றினாலே தைத்துவிடுவர். ஆணி அடித்த கலம் அலையில் மோதும்போது பிளந்துவிடலாம். தைத்த கலமோ சற்று நெகிழ்ந்து கொடுத்து மீளும். தோணியின் வாய் மிகவும் ஒடுக்கமானது. தனியே விட்டால் அது நீரில் உருண்டுவிடும். அதைப் பல அடி தூரத்திலிருந்து தாங்கிப் பிடிப்பது வளைந்த இரு கழிகளின் நுனியிலுள்ள மிதவைக் கட்டையே.

இத்தோணிக்கு முன்பின் என்ற வேறுபாடு இல்லை. மிதவை எப்பொழுதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஆகவே, திசை மாற்ற வேண்டுமாயின் தோணியைத் திருப்புவதில்லை; பாயை மறுமுனைக்கு மாற்றுவர்; முன் பின்னாகும், பின் முன்னாகும். கி.பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமானிய அறிஞர் பிளினி, தப்ரபேன் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நம் தீவின் கலங்களுக்கு இருபுறமும் முகப்பு உண்டென்றும், ஒடுங்கிய நீர்வழியில் அவற்றைத் திருப்ப வேண்டியதில்லை என்றும் எழுதிவைத்தார். அவர் கேள்வியுற்றது இத்தகைய கலத்தைப் பற்றியதாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்குத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹோர்னெல், இந்திய, இலங்கைக் கரைகளின் கலங்களை நேரிற் கண்டு ஆராய்ந்து, புறமிதவையின் உறவைக் கீழைக்கடல் தீவுகள் வரை தொடர்ந்து காட்டினார்.

இத்தோணிகளைக் கண்ட ஐரோப்பியர் சுவையான செய்தி ஒன்றைக் குறித்துள்ளனர். காற்று வலுக்கும்போது மிதவை நீரைவிட்டு மேலெழும். உடனே ஒருவன் கழியின் மீது நடந்து சென்று மிதவைப் பக்கம் அமர்வான். காற்று மேலும் வலுத்தால் இன்னொருவன் செல்வான். ஆகவே காற்றின் வலிமையை ‘ஓராள் காற்று’, ‘ஈராள் காற்று’ என்று மீனவர் அளந்தனராம். கருவி எதுவுமின்றித் தம் உடலையே நிறைகல்லாக்கிக் கடலை அளந்த மக்கள் அவர்கள்!

இனி, தோணி ஏன் கவிழ்கின்றது, ஏன் நிமிர்கின்றது என்பதைப் பார்ப்போம். நீரில் அமிழ்ந்த பொருளை அது விலக்கிய நீரின் எடைக்கு நிகரான விசை மேலே தள்ளுகின்றது என்பது ஆக்கிமிடீசு கண்ட உண்மை. தோணி சாயும்போது சாய்ந்த பக்கம் கூடுதலாக அமிழ்கின்றது. ஆதலால் மேலே தள்ளும் விசையும் அப்பக்கம் நகர்ந்து தோணியை நிமிர்த்த முயல்கின்றது. பாரம் மேலே ஏற ஏற இம்முயற்சி தளர்கின்றது. ஒருவன் தோணியில் எழுந்து நின்றவுடன் அது தள்ளாடுவது இதனாலேயே. இவ்விரண்டிற்குமிடையே உள்ள போட்டியை 1746ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே கணக்கிட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கிலிருந்து நமக்கு வேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது, அகலத்தின் வலிமை. நீளமும் பாரமும் மாறாதிருக்க, நீர்மட்டத்திலே தோணியின் அகலத்தை இரு மடங்காக்கினால், வடிவத்தினால் வரும் நிமிர்த்தும் ஆற்றல் எட்டு மடங்காகின்றது. ஆனால் அகன்ற தோணியைத் துடுப்பினால் வலிப்பது கடினம். இரண்டாவது, தூரத்தின் வலிமை. சிறு மிதவையாயினும் அதைத் தொலைவில் வைத்தால் போதும். 4 அடி தூரத்திலிருந்து 8 அடிக்கு நகர்த்தினால், அதே மிதவையின் பயன் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒடுங்கிய உடலால் விரைவு, தொலைவிலுள்ள மிதவையால் உறுதி. இரண்டையும் ஒருங்கே பெற்றனர் நம் தீவின் பழந்தச்சர். பூகேயின் கணக்கு எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர்களின் கை அதனை அறிந்திருந்தது.

புதிய பொருள் எவ்வாறு வந்தது? கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்கும் தொழில் 1930களில் அமெரிக்காவில் முன்னேறியது. பொலியெஸ்டர் பிசினும் ஏறத்தாழ அதே காலத்தில் உருவாகியது. இவ்விரண்டையும் சேர்த்து, 1942ஆம் ஆண்டில் ரே கிறீன் என்பவர் ஒகாயோ மாநிலத்தில் சிறு படகொன்றைச் செய்தார். உலகப் போருக்குப் பின்னர் இத்தொழில் எங்கும் பரவியது.

நம் நாட்டிலும் பெருமரங்கள் அருகிவந்த காலம் அது. 1950களின் பிற்பகுதியில் அரசாங்கம் இயந்திரப் படகுகளை மீனவரிடையே பரப்பத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் கண்ணாடி இழைப் படகுகளும் கரைக்கு வந்தன. 1967ஆம் ஆண்டில், ஆர்னே பியோர்டொப்ட் என்னும் நோர்வே நாட்டவரின் முயற்சியால் யாழ்ப்பாணத்திலே ‘சீ-நோர்’ என்னும் நிறுவனம் தோன்றியது. குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரிற் படகுத் துறையும் அதன் வழியே எழுந்தன. தமிழ் இளைஞர் பலர் கண்ணாடி இழைத் தொழிலைக் கற்ற இடம் காரைநகர். பின்னாளிற் போர் மூண்டபோது அத்துறை செயலிழந்தது. தொழிலோ நாடெங்கும் வேரூன்றிவிட்டது.

அத்தொழிலின் முறை இது. முதலில் தோணியின் வடிவிலே ஒரு மாதிரியைச் செய்து, அதன் மேல் அச்சு எடுப்பர். அச்சின் உட்புறத்தை மெழுகினால் மெருகிட்டு, ஜெல்கோட் எனப்படும் நிறப்பூச்சை ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் கனத்திற்குப் பூசுவர். அது பசைப்பதம் அடைந்ததும் கண்ணாடிப் பாயை விரித்துப் பிசினை ஊட்டுவர். பாயின் எடையைப்போல் இரு மடங்களவு பிசின் வேண்டும். குறைந்தால் இழை காய்ந்து கிடக்கும். மிகுந்தால் தோணி நொறுங்கும் தன்மை பெறும். இறுகச் செய்யும் மருந்தை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே சேர்ப்பர். பின்பு உருளையால் உருட்டி, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவர். இவ்வாறு படைமேற் படையாக இட்டு, நன்கு இறுகிய பின்னர் அச்சிலிருந்து பிரித்தெடுப்பர். தச்சன் ஒரு மரத்தைக் குடைய எடுக்கும் காலத்தில், ஓர் அச்சிலிருந்து பல தோணிகள் பிறந்துவிடும்.

ஆனால், நேயர்களே, இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். வடிவத்தை அப்படியே படியெடுத்தாற் பழைய தோணியின் குணங்கள் யாவும் வந்துவிடுமா? வாரா. மரம் நீரிலும் இலேசானது. ஆகவே மரத்தோணி நீர் நிரம்பினாலும் ஆழத்திற்குச் செல்லாது. மீனவன் அதைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பலாம். கண்ணாடி இழைப் பொருளோ நீரைவிடக் கனமானது. நீர் நிரம்பினால் அது கல்லைப்போல் மூழ்கும். மரம் தன் இயல்பாலேயே தந்த காப்பை, புதிய தோணியில் மனிதன் நினைந்து வைக்கவேண்டியிருக்கின்றது. நுரைப்பொருள் நிரப்பிய மூடிய அறைகளை அமைத்தல் அதற்கு வழி. அவற்றை அடித்தளத்தில் மட்டும் வைத்தால், நீர் புகுந்த தோணி தலைகீழாகப் புரளக்கூடும். இரு பக்கங்களிலும் விளிம்பை அண்டி வைத்தாலே அது நிமிர்ந்து மிதக்கும்.

மிதவையிலும் இவ்வாறே. மிதவைக்குத் தொழில் இரண்டு. நீரில் அழுந்தும்போது அது மேலே தள்ளித் தாங்குகின்றது. நீரைவிட்டு எழும்போது தன் பாரத்தாற் கீழே இழுத்துத் தாங்குகின்றது. எடை குறையட்டும் என்று அதை வெறுங்கூடாகச் செய்தால், முதல் தொழில் நடைபெறும், இரண்டாவது தவறிப்போகும். கழிகளைப் பிணைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கயிற்றுப் பிணைப்பு அலைக்கு நெகிழ்ந்தது. இறுகிய உடலோ நெகிழாது, அதன் விளிம்பு வெடிக்கும். அவ்விடத்தை மேலும் பல படைகளிட்டுத் தடிப்பாக்குதல் அவசியம்.

இவற்றைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதை வரலாறே காட்டியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நம் நாட்டு மீன்பிடிக் கலங்களின் பெரும்பகுதியை அழித்தது. கொஸ்லந்த நீர் கடலைச் சேரும் தென்கரையும் அதற்குத் தப்பவில்லை. உலகெங்குமிருந்து உதவி குவிந்தது; படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அவற்றுட் சில தரங்குறைந்தவை, கடலுக்கு ஏற்றவையல்ல என்று ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனமே எச்சரிக்க நேர்ந்தது. கொடுத்தவர் நெஞ்சிற் குறையில்லை. படைகளின் கனத்தையும் மிதப்பறைகளையும் அளந்து பார்க்க அவகாசம் கொடாமையே குறை. தோணியின் எண்ணிக்கையை எண்ணியவர்கள் தோணியின் நிலைப்பை எண்ண மறந்தார்கள்.

சோதனை கடினமானதன்று. நீரில் தோணியை நிறுத்தி, ஏறவேண்டிய ஆட்களை ஒரே பக்கத்தில் அமர்த்தி, விளிம்புக்கும் நீருக்கும் இடையே எஞ்சும் உயரத்தை அளக்கலாம். பின்னர் அதில் நீரை நிரப்பி, வலையின் எடையையும் ஏற்றி, அது நிமிர்ந்து மிதக்கின்றதா என்று பார்க்கலாம். அரை நாள் வேலை. ஆனால் அது ஒரு குடும்பத்தின் உயிர்க்காப்பு.

மலைநாட்டவராகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீராயின், இரு விடைகள் கூறுவேன். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கும் முன்னர், நம் முன்னோர் பாக்கு நீரிணையைப் பாய்த்தோணிகளிலே நெருக்கி ஏற்றப்பட்டுக் கடந்தனர். பாரம் அளவு மீறியதா, தோணி தாங்குமா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. கரைசேராதவரின் கதைகள் நம் முதியோரின் நினைவில் வழிவழியாக வந்துள்ளன.

மற்றைய விடை நமக்கு மிக அண்மையிலுள்ளது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லந்த மீரியபெத்தத் தோட்டத்தின் மலைச்சரிவு லயங்களின் மேல் இறங்கியது. அச்சரிவு ஆபத்தானது என்று முன்னரே சுட்டப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. மழையுண்ட மண்ணும் பாரம் ஏற்றிய தோணியும் ஒரே பாடத்தையே புகட்டுகின்றன. எதுவும் திடீரெனக் கவிழ்வதில்லை. கவிழும் முன்னர் அது சாய்கின்றது. அந்தச் சாய்வை அளந்தறிவதும், அறிந்தபின் செயற்படுவதும் மனிதனின் கடன்.

இன்றும் மாலைப்பொழுதில் லுணுகம்வெகரவில் வலை விரிக்கச் செல்லும் தோணியில் இருவர் இருப்பர். அருகே மிதவை தொடர்ந்து வரும். அவர்கள் பிடிப்பவற்றுள் 1952ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீனும் உண்டு. அவர்களைத் தாங்கும் நீரில் நம் மலையின் மழையும் கலந்திருக்கின்றது. முற்றிலும் கவிழாத தோணி உலகில் இல்லை. கவிழக்கூடும் என்று முன்கூட்டியே நினைந்து கட்டிய தோணியே, கவிழாத தோணி எனத் தகும்.