மாஜினியின் கடிதங்கள்

1844-ஆம் வருஷத்து வசந்த காலத்தில், லண்டன் மாநகரில் அகதியாக வாழ்ந்துவந்த இத்தாலிய தேசபக்தர் ஜோசப் மாஜினிக்கு, தம் பெயருக்கு வரும் கடிதங்கள் வழக்கத்துக்கு மாறாகத் தாமதித்து வருகின்றன என்ற ஐயம் எழுந்தது. அஞ்சலகத்தார் குத்திய நேர முத்திரையின்மீதே இன்னொரு முத்திரை பதிந்து, முதல் முத்திரையைப் படிக்கவொட்டாமல் மறைத்திருப்பதையும் அவர் கண்டார். கண்டவர் கூக்குரலிடாமல், நிதானமாக ஒரு சோதனையில் இறங்கினார். நண்பர்களைக் கொண்டு தமக்கே கடிதங்கள் போடச் செய்து, அவற்றின் மடிப்புகளுக்குள் சில கசகசா விதைகளையும் மயிரிழைகளையும் மணல் துகள்களையும் வைக்கச் சொன்னார். வந்த கடிதங்களில் மேலே அரக்கு முத்திரை பழுதின்றியே இருந்தது. பிரித்துப் பார்த்தால் விதையும் இல்லை, மயிரிழையும் இல்லை.

கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் இந்தத் தொழில் அன்று புதிதாகத் தோன்றியதன்று. 1657-இல் இங்கிலாந்தில் கிராம்வெல் ஆட்சியில் இயற்றப்பட்ட அஞ்சல் சட்டமே, நாட்டுக்கு விரோதமான சதிகளைக் கண்டறிய அஞ்சல் ஒரு சிறந்த சாதனம் என்று வெளிப்படையாகக் கூறியது. அக்காலத்தில் டோரிஸ்லாஸ் என்பவர் இரவு 11 மணிக்கு அஞ்சலகத்துக்கு வந்து, விடியற்காலம் மூன்று நான்கு மணி வரையில் தனியறையில் அமர்ந்து கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பாராம். பின்னர் 1711-ஆம் ஆண்டுச் சட்டம், அமைச்சர் ஒருவரின் கையொப்பமிட்ட உத்தரவின்றி எவரும் கடிதங்களைப் பிரிக்கலாகாது என்று விதித்தது. காப்புப்போலத் தோன்றும் அவ்விதியே, உத்தரவு இருந்தால் பிரிக்கலாம் என்ற அதிகாரத்துக்கும் ஆதாரமாயிற்று. அயல்நாட்டுத் தூதர்களின் கடிதங்களைத் திறக்க ஒரு ரகசிய அலுவலகமும், அவற்றின் சங்கேதங்களை விடுவிக்க ஒரு தனிப்பிரிவும் அரசாங்கச் செலவில் நடந்தன. அப்பிரிவில் பணியாற்றிய எட்வர்ட் வில்லிஸ் என்ற பாதிரியார் பிஷப்பாக உயர்ந்த பின்னரும் அத்தொழிலை விடவில்லை. அவருடைய புத்திரர்களும் பௌத்திரர்களும் பரம்பரைச் சொத்தைப்போல் அதனைக் கையேற்றனர்.

ஆயினும் மாஜினியின் காலத்தில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்திருந்தது. அதற்கு முன் அஞ்சல் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்திருந்தபடியால், உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டது. ஆகையால் ஜனங்கள் கடிதத்தையே மடித்து அரக்கிட்டு அனுப்பினார்கள். அஞ்சல் சீர்திருத்தக்காரர் ரோலண்ட் ஹில்லின் யோசனைப்படி 1840 ஜனவரியில் எடையைப் பொறுத்த ஒரு பென்னிக் கட்டணம் வந்ததும் உறை சாதாரண மனிதருக்கும் எட்டியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சமாக இருந்த கடிதங்கள் அவ்வோர் ஆண்டிலேயே 16 கோடியே 90 லட்சத்தை நெருங்கின. முன்பு பிரபுக்களுக்கும் வணிகர்களுக்கும் உரியதாயிருந்த அந்தரங்கம், தையற்காரிக்கும் தச்சனுக்கும் உரியதாயிற்று. அவர்கள் எழுதிய கடிதங்களில் ராஜத்துரோகம் எங்கே இருந்தது? ரொட்டி விலையும், ரயிலின் வேகமும், பிரான்சில் நடப்பதைப் பற்றிய ஓர் அரைகுறை அபிப்பிராயமும், நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கோபமுமே இருந்தன. மனிதன் தன் எண்ணத்தை முற்றவைக்குமுன் ஒரு நண்பனிடம் சொல்லிப் பார்க்கும் இடம் கடிதம். மூன்றாமவர் ஒருவர் அங்கே அமர்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், அவன் எழுதுவதோடு எண்ணுவதையும் சுருக்கிக்கொள்கிறான் என்பதே இவ்விவகாரத்தில் நான் காணும் பெருங்கேடு.

1844 ஜூன் 14-ஆம் தேதி, ஃபின்ஸ்பரித் தொகுதி உறுப்பினர் தாமஸ் டன்கோம், மாஜினியும் நண்பர்களும் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் காமன்ஸ் சபையில் சமர்ப்பித்தார். உள்துறை அமைச்சர் ஸர் ஜேம்ஸ் கிரஹாம், விண்ணப்பதாரருள் ஒருவரைப் பற்றித் தாம் உத்தரவு பிறப்பித்ததை ஒப்புக்கொண்டு, அதற்குமேல் சொல்ல மறுத்தார். மார்ச் 1-ஆம் தேதி பிறந்த அவ்வுத்தரவு ஜூன் 3-இல்தான் ரத்தாகியிருந்தது. தேசம் கொதித்தது. எழுத்தாளர் கார்லைல் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதி மாஜினியின் நற்குணத்துக்குச் சாட்சி சொன்னதோடு, பிறர் கடிதத்தைப் பிரிப்பதைப் பிறர் சட்டைப்பையில் கையை விட்டுத் திருடுவதற்கு ஒப்பான இழிசெயலாகக் கண்டித்தார். 'பஞ்ச்' பத்திரிகை, கடிதங்களில் ஒட்டுவதற்கென்றே கிரஹாமைக் கேலி செய்யும் வில்லைகளை அச்சிட்டது.

இதற்கிடையே இத்தாலியில் நடந்ததோ நெஞ்சைப் பிளப்பது. ஆஸ்திரியக் கப்பற்படையில் அதிகாரிகளாயிருந்து விலகியவர்களும் மாஜினியோடு கடிதத் தொடர்பு கொண்டவர்களுமான அட்டிலியோ, எமிலியோ பாந்தியேரா சகோதரர்கள், கோர்ஃபுத் தீவிலிருந்து ஒரு சிறு குழுவோடு கலாப்ரியாக் கரையில் இறங்கி, உடன் வந்த ஒருவனாலேயே காட்டிக் கொடுக்கப்பட்டு, ஜூலை 25-ஆம் தேதி கொசென்ஸா அருகே தோழர் எழுவரோடு சுட்டுக் கொல்லப்பட்டனர். லண்டனில் திறந்த கடிதங்களே அவர்களைக் கொன்றன என்று மாஜினி கருதினார். அயல் அரசு ஒன்றுக்குச் செய்தி தரப்பட்டது மெய்யே, ஆனால் அதன் கைக்கு எட்டும் எவருக்கும் ஆபத்து விளையாத வண்ணமே தரப்பட்டது என்றது இவ்விவகாரத்தை விசாரித்த பார்லிமெண்ட் குழுவின் அறிக்கை. அந்தப் பிந்திய வாக்கியத்தை ஏற்பவர் ஏற்கட்டும். முந்திய வாக்கியம் ஒன்றே போதிய குற்றமென்பேன். தன்னிடம் அடைக்கலம் புகுந்தவனின் கடிதத்தை, அவன் எவரை எதிர்த்து நின்றானோ அவர்களுக்காகவே பிரித்தது ஒரு சுதந்திர நாடு.

ரகசிய அலுவலகம் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. சங்கேதப் பிரிவும் கலைந்தது. 1914-இல் மகாயுத்தம் மூளும் வரையில் பிரிட்டனில் அத்தகைய அலுவலகம் மறுபடி ஏற்படவில்லை. ஆனால் அமைச்சரின் உத்தரவுக்கு இடம் தந்த அதிகாரத்தை ஒருவரும் ஒழிக்கவில்லை. அலுவலகத்தை மூடவைத்தது ஜனங்களின் கண்டனம். சட்டத்திலோ ஓர் எழுத்தும் மாறவில்லை.

அவ்வதிகாரம் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும், 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் செய்திகளைத் தடுத்துக் கைப்பற்ற அரசாங்கத்துக்கு உரிமை தந்தன. 'மாஜினியின் சபதம்' பாடிய பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் பிரிட்டிஷ் ஒற்றர்கள் சூழ வாழ்ந்த காலத்தில் அவ்விரு சட்டங்களும் அமலில் இருந்தன. பழைய அஞ்சலகச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவிலும் அவ்வுரிமை இருக்கிறது. கடிதத்தை இடைமறிப்பதற்கு அது எடுத்துச் சொல்லும் காரணங்களுள் அயல்நாடுகளுடனான நட்புறவும் ஒன்று. கிரஹாம் மாஜினியின் கடிதங்களைத் திறக்கச் சொன்னதும் அந்நட்புறவை நாடித்தான்.