பச்சிளங்குழந்தையைத் துணியில் சுற்றுதல்

பச்சிளங்குழந்தையைத் துணியில் சுற்றுதல் என்பது, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் உடலை மெல்லிய துணியால் பொதிந்து உறங்கவைக்கும் வழக்கம் ஆகும். உலகின் பல பண்பாடுகளில் இவ்வழக்கம் காணப்படுகின்றது. புதிதாய்ப் பிறந்த குழந்தை கைகளைத் திடீரென விரித்து உதறும் மோரோ அனிச்சைச் செயலால் அடிக்கடி விழித்துக்கொள்ளும். துணிச்சுற்று இதனைக் குறைக்கின்றது. உடல் வெப்பத்தைக் காப்பதும் இதன் பயனாகும். துணியோ, சுற்றும் முறையோ, படுக்கவைக்கும் நிலையோ பொருந்தாதபோது மூச்சுத்திணறல், மிகைவெப்பம், இடுப்பு மூட்டு விலகல் முதலிய கேடுகள் நேரலாம்.

குளிரும் வெப்பமும்

பச்சிளங்குழந்தையின் இயல்பான உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 பாகை செல்சியசு என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. 36 பாகைக்குக் கீழே இறங்குவது இடர் மிக்கது. பிறந்த குழந்தை ஈரமாக இருப்பதாலும், எடைக்கு ஒப்பிடுகையில் தோற்பரப்பு மிகுதி என்பதாலும் வெப்ப நாட்டிலும் குழந்தை குளிர்ந்துவிடுவதுண்டு. ஆகவே பிறந்தவுடன் துடைத்து, தாயின் மார்போடு தோல் படும்படி வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துமாறும், முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடுமாறும் அவ்வமைப்பு அறிவுறுத்துகின்றது. 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு எந்தப் போர்வையினும் தாயின் மார்பே சிறந்தது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' முறை இதனை அடிப்படையாகக் கொண்டது.

முதல் சில நாட்கள் கழிந்தபின் பொன்னேரி போன்ற இடங்களில் சிக்கல் தலைகீழாக மாறுகின்றது. ஆரணி ஆற்றங்கரையில், பழவேற்காட்டு ஏரிக்கு அருகே அமைந்துள்ள இவ்வூரில் கோடைப்பகல் 40 பாகையை எட்டக்கூடியது. கடற்காற்றின் ஈரப்பதம் இரவிலும் வியர்வையை உலரவிடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றித் தகரக் கூரையின் கீழ் வாழும் தொழிலாளர் குடும்பங்களின் அறைகளில் வெக்கை இன்னும் கூடுதல். ஐரோப்பியக் கடைகளில் குழந்தைத் துணிகளுக்குத் 'டாக்' என்னும் வெப்பக்காப்பு அலகு குறிக்கப்படுகின்றது. 1940களில் இங்கிலாந்தின் சர்லி ஆய்வுக்கூடம் உருவாக்கிய அலகு இது. 2.5 டாக் போர்வைப்பை 16 முதல் 20 பாகை வரையுள்ள அறைக்கு உரியது. அத்தகைய இரவு பொன்னேரியில் மார்கழி, தை மாதங்களில்கூட அரிது. இணையத்தில் வாங்கிய கனத்த பைகள் இங்கு பரிசுப்பொருளாக அழகு பார்க்கவே உதவும்.

குழந்தைக்குப் புழுங்குகிறதா என அறிய நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பார்த்தல் வேண்டும். கை கால்கள் இயல்பாகவே சற்றுக் குளிர்ந்திருக்கும். அதைக் கண்டு மேலும் ஒரு போர்வை போடுவது வீடுகளில் பரவலாக நிகழும் தவறு. பிடரியில் வியர்வை, சிவந்த முகம், விரைவான மூச்சு ஆகியன மிகைவெப்பத்தின் அறிகுறிகள்.

துணியின் தேர்வு

தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தாமல், துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டி அல்லது நூல் புடவையைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். புதுத்துணியில் ஏற்றப்பட்ட கஞ்சியும் சாயமும் தோலை உறுத்தும் என்பதால் இவ்வழக்கம் பொருளுடையதே. இப்பகுதி பருத்தித் துணிக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் 1613-ல் கோட்டை கட்டிய பழவேற்காட்டிலிருந்து ஏற்றுமதியான கட்டமிட்ட பருத்தித்துணி, அவ்வூரின் பெயராலேயே ஐரோப்பாவில் 'புலிகாட்' என்று வழங்கியது.

ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரமுள்ள, காற்றுப்புகும் ஒற்றை மடிப்புப் பருத்தித்துணி போதுமானது. பாலியெசுட்டர், மென்மயிர்க் கம்பளம் போன்றவை வியர்வையை உறிஞ்சுவதில்லை. சரிகை, நூல் தொங்கல், பொத்தான் ஆகியவை உள்ள துணி தவிர்க்கத்தக்கது. பழைய துணியாயினும் துவைத்து வெயிலில் உலர்த்தியிருத்தல் வேண்டும். தமிழ்நாடு அரசு 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத் திட்டத்தில், அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட 16 பொருட்களுள் துண்டு, ஆடை, சிறு படுக்கை, கொசுவலை ஆகியன இடம்பெற்றன. கொசுவுக்கு அஞ்சிக் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடும் வழக்கம் இன்றும் உள்ளது. மூடிய துணிக்குள் குழந்தை தான் விட்ட காற்றையே மீண்டும் இழுக்க நேரிடும். வலையே தக்க மாற்று. அதுவும் முகத்தில் படாமல் விறைப்பாக நிற்கவேண்டும்.

சுற்றும் முறை

துணி தோளுக்கு மேல் ஏறக்கூடாது. நெஞ்சுப் பகுதியில் இரண்டு மூன்று விரல் நுழையும் தளர்வு இருத்தல் வேண்டும். கால்கள் தவளையின் கால்போல மடங்கி விரிய இடம் வேண்டும். கால்களை நேராக நீட்டி இறுகக் கட்டினால் தொடையெலும்பின் தலை, இடுப்புக் குழியிலிருந்து விலகக்கூடும். சப்பானில் 1970களில் இவ்வாறு கட்டுவதைக் கைவிடும்படி பரப்புரை செய்யப்பட்டபின் இக்குறைபாடு வெகுவாகக் குறைந்தது. பிள்ளையை இடுப்பில் கால் விரித்து அமர்த்தித் தூக்கும் தமிழரின் வழக்கம் மூட்டுக்கு நன்மை செய்வதே.

சுற்றிய குழந்தையை எப்போதும் மல்லாந்தே படுக்கவைக்க வேண்டும். குழந்தையைக் குப்புற உறங்கவைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-ல் பரிந்துரைத்தது. 1994-ல் தொடங்கிய பரப்புரைக்குப் பின் அந்நாட்டில் காரணம் அறியப்படாத குழந்தைத் திடீர் இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. துணி சுற்றிய குழந்தை குப்புற விழுந்தால் கைகளை ஊன்றித் தலையைத் திருப்ப இயலாது. ஆகையால் புரள முயலும் முதல் அறிகுறி தெரிந்தவுடன், பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில், சுற்றுவதை முற்றிலும் நிறுத்தவேண்டும்.

தூளி

உத்தரத்தில் புடவையைக் கட்டித் தொங்கவிடும் தூளி, தமிழ் வீடுகளில் துணிச்சுற்றும் தொட்டிலும் ஒன்றானது. ஈழத்தில் இது ஏணை எனப்படும். குழந்தை மல்லாந்து கிடப்பதும் காற்றுப்புகும் நூல் புடவையும் இதன் நன்மைகள். ஆனால் தூளியின் வளைவில் தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழல் மடங்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு இது பேரிடர். மருத்துவர்கள் பரிந்துரைப்பது உறுதியான சமதளப் படுக்கையையே. தூளியில் இடுவோர், குழந்தையின் முகம் வெளியே தெரியும்படியும், கண்காணிப்பில் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். மற்றோர் ஆபத்து கைக்குழந்தைக்கன்று, மூத்த பிள்ளைகளுக்கு. கட்டிய புடவையில் ஊஞ்சலாடி, முறுக்கி விளையாடுகையில் கழுத்து இறுகிச் சிறுவர் இறந்த செய்திகள் தமிழ் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வெளிவந்துள்ளன. குழந்தையை எடுத்தவுடன் புடவையை அவிழ்த்துவிடுவது அல்லது எட்டாத உயரத்தில் சுருட்டி முடிந்துவைப்பது எளிய தடுப்பு.

போர்வை

தளர்ந்த போர்வை, தலையணை, பக்கத்திண்டு, பொம்மை ஆகிய எவையும் ஒரு வயது நிறையும்வரை உறங்கும் இடத்தில் வேண்டியதில்லை. எடையூட்டிய போர்வைகளும் உறக்கப்பைகளும் கூடா என அமெரிக்கக் கழகத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டல் வெளிப்படையாகக் கூறுகின்றது. குளிரூட்டப்பட்ட அறையாயின், போர்வைக்கு மாற்றாகக் கையுள்ள சட்டையும் கால்சட்டையும் ஒரு அடுக்குக் கூடுதலாக உடுத்தலாம். பெரியவர் அணிவதைவிட ஓர் அடுக்கு மிகுதி என்பது கணக்கு. மின்விசிறி சுழலும் சாதாரண அறையில் மெல்லிய பருத்திச் சட்டையும் அரைத்துணியுமே போதும். மருத்துவமனையில் போட்ட கம்பளித் தொப்பியை, குழந்தையின் உடல் வெப்பம் நிலைபெற்றபின், வீட்டுக்குள் உறங்கும்போது கழற்றிவிட வேண்டும்.